டெபியன் நிலையாக இருக்கட்டும், ஒய்டி-டிஎல்பி மட்டும் புதிதாகட்டும்

கேள்வி: அம்பத்தூரில் டியூஷன் சென்டர் நடத்துகிறேன். எங்கள் யூடியூப் சேனலில் ஏற்றிய பாடங்களை, வீட்டில் நெட் இல்லாத பிள்ளைகளுக்குப் பென்டிரைவில் கொடுக்க, வீடியோ இறக்கும் நிரலான ஒய்டி-டிஎல்பியால் இறக்குவேன். கணினியில் டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளம். கொஞ்ச நாளாக எதுவும் இறங்கவில்லை. அப்டேட் செய்தும் அப்படியேதான். அடுத்த டெபியனுக்காகச் சோதனையில் இருக்கும் தொகுப்புகள் உள்ள டெஸ்டிங் களஞ்சியத்தைச் சேர்க்கச் சொல்கிறார் நண்பர். சேர்க்கலாமா?

பதில்: சேர்க்காதீர்கள். டெஸ்டிங்கிலிருந்து ஒரு தொகுப்பை இழுத்தால், அது கேட்கிறதென்று புதிய பைத்தான், அதற்கு அடியில் எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் அடிப்படை நூலகமான லிப்சி என்று வரிசையாக வந்து நிற்கலாம். லிப்சி மேலே போய்விட்டால், பத்திரமாகக் கீழே இறக்க டெபியனில் வழி இல்லை. பிள்ளைகளின் பாடம் இருக்கும் கணினியை வைத்து இந்தச் சோதனை வேண்டாம்.

கோளாறு டெபியனில் இல்லை. நிலையான பதிப்பு என்றால், 2025 ஆகஸ்டில் வெளியானபோது இருந்த பதிப்பு எண்களே பெரும்பாலும் தொடரும். பாதுகாப்புத் திருத்தங்களும் முக்கியமான பிழைத் திருத்தங்களும் மட்டும் வரும். எழுத்துச் செயலிக்கு அது வரம். ஆனால் யூடியூப் தன் பக்கத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது, அதைத் துரத்தும் நிரலும் கூடவே மாற வேண்டும். நேர மண்டலத் தரவு, வைரஸ் தேடும் கிளாம்ஏவி போன்றவற்றுக்கும் இதே நிலைதான். அவற்றுக்காகவே 2011-ல் டெபியன் 6-லிருந்து ‘அப்டேட்ஸ்’ என்ற தனிப் பிரிவு இருக்கிறது. அது உங்கள் களஞ்சியப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பேக்போர்ட்ஸ் என்ற களஞ்சியம். டெஸ்டிங்கில் உள்ளதை உங்கள் பதிப்புக்கு ஏற்ப மறுபடி கட்டித் தருவார்கள். பெயர் சொல்லிக் கேட்டால்தான் தரும், மற்றதைத் தொடாது. நல்ல ஏற்பாடு. ஆனால் டெஸ்டிங்கைத் தாண்டி வருவதற்குள் நாளாகிவிடும். ஒய்டி-டிஎல்பிக்கு அந்த வேகம் போதாது.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது பிப்எக்ஸ், அதாவது பைத்தான் நிரல்களைத் தனித்தனியாக நிறுவித் தரும் கருவி. டெபியனின் தொகுப்பு நிறுவியான ஏப்டி வழியாகப் பழைய ஒய்டி-டிஎல்பியை நீக்கிவிட்டு, பிப்எக்ஸை நிறுவுங்கள். அப்புறம் நிர்வாகி உரிமை தரும் சூடோ போடாமல், உங்கள் சொந்தக் கணக்கிலேயே அதன் மூலம் ஒய்டி-டிஎல்பியை ‘டிஃபால்ட்’ என்ற கூடுதல் பகுதியோடு நிறுவுங்கள். அது தனி அறையில் இருப்பதுபோல இருக்கும், கணினியின் பைத்தானைத் தொடாது. பைத்தானின் வழக்கமான நிறுவியான வெறும் பிப்பால் நேரடியாக நிறுவ முயன்றால் டெபியன் தடுக்கும். அந்தத் தடையை உடைக்க வேண்டாம். 2025 நவம்பரிலிருந்து யூடியூபுக்கு டீனோ போன்ற, ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் மென்பொருளும் ஒய்டி-டிஎல்பிக்குத் தேவைப்படுகிறது. பலர் இதை விட்டுவிட்டுத்தான் திணறுகிறார்கள்.

ஒய்டி-டிஎல்பியின் பதிப்பு எண், அது வெளியான தேதிதான். இறக்கம் நின்றால் முதலில் அதைப் பாருங்கள். பழைய தேதியாக இருந்தால் பிப்எக்ஸில் அப்கிரேட் கொடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.