கேள்வி நேரம்: ஒரு லட்சம் குழந்தைங்க ஆய்வு என்னாச்சு?

கேள்வி: அமெரிக்காவுல ஒரு லட்சம் குழந்தைங்களோட ஹெல்த்தை வருஷக்கணக்கா ஆராய சட்டமே போட்டாங்களாமே, அது முடிஞ்சுதா சார்?

பதில்: முடியலம்மா, பாதியிலயே நின்னுபோச்சு. 2000ல கிளின்டன் கையெழுத்து போட்ட குழந்தைகள் நலச் சட்டத்துலதான் அதுக்கு வழி பண்ணாங்க, அம்மா வயித்துல இருக்கும்போதே ஆரம்பிச்சு 21 வயசு வரைக்கும் அந்தப் புள்ள சுவாசிக்கிற காத்து, குடிக்கிற தண்ணி, வீட்டுத் தூசி, ஜீன்னு எல்லாத்தையும் பாத்து ஆஸ்துமா, ஆட்டிசம் ஏன் வருதுன்னு கண்டுபிடிக்கிற திட்டம். நோய் வந்தப்புறம் அம்மாகிட்ட "கர்ப்பமா இருந்தப்ப என்ன சாப்ட்டீங்க"ன்னு கேட்டா யாருக்கு ஞாபகம் இருக்கும், அதனாலதான் முன்னாடியிருந்தே கூடப் போகணும்.

ஆனா வீடு வீடா கதவைத் தட்டி கர்ப்பிணிகளைச் சேக்குறது ரொம்ப மெதுவா போச்சு, செலவும் ஏறிச்சு. 100 கோடி டாலருக்கு மேல போனப்புறமும் முன்னோட்டத்துல சேந்தது சுமார் 5,000 குழந்தைங்கதான். நிபுணர் குழுவும் திட்ட அமைப்பு சரியில்லன்னு சொல்லிடுச்சு, 2014 டிசம்பர்ல தேசிய சுகாதார நிறுவனம் நிறுத்திடுச்சு. எனக்கு இன்னிக்கும் மனசு ஆறல, ஏன்னா கேட்ட கேள்வி அவ்ளோ சரியான கேள்வி.

2016லேர்ந்து எக்கோ-ன்னு ஒரு திட்டம் ஓடுது. ஏற்கனவே அங்கங்க நடந்துட்டிருந்த ஆய்வுகளை ஒண்ணா சேத்து, 50,000க்கு மேல குழந்தைங்களோட தகவலை வெச்சிருக்காங்க.