செகண்ட் இரண்டாவது என்றால், முதலாவது எது?

வணக்கம் ஐயா,

சூளகிரி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். கடிகாரம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தபோது ஒரு மாணவி, “செகண்டுன்னா இரண்டாவதுன்னு சொன்னீங்களே டீச்சர், அப்போ முதலாவது எது?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள் விளக்க முடியுமா?

ஓர் ஆசிரியை, சூளகிரி

அன்புள்ள ஆசிரியைக்கு,

அருமையான கேள்வி. முதலாவது நிமிடம்தான் என்று அவளிடம் சொல்லுங்கள்.

ஒன்றை அறுபதாகப் பிரிப்பது பாபிலோனியர் வழக்கம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த வானியலாளர் தாலமி, வட்டத்தின் பாகைகளை அந்த வழியில் பிரித்துக் கணக்குப் போட்டார். பின்னாளில் லத்தீனில் எழுதியவர்கள், பாகையில் அறுபதில் ஒரு பங்கை ‘பார்ஸ் மினூட்டா ப்ரீமா’ என்றார்கள். முதல் சிறு பகுதி என்று பொருள். அதை இன்னொரு முறை அறுபதாக வெட்டினால் வருவது ‘பார்ஸ் மினூட்டா செகுண்டா’, அதாவது இரண்டாம் சிறு பகுதி. புழக்கத்தில் முன்னதில் ‘சிறு’ மட்டும் தங்கி மினிட் ஆயிற்று; பின்னதில் ‘இரண்டாம்’ மட்டும் தங்கி செகண்ட் ஆயிற்று. நுண்ணியது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ‘மைன்யூட்’ என்கிறார்களே, அதற்கும் மினிட்டுக்கும் எழுத்து ஒன்றுதான்.

ஆக, கோணத்தை அளந்த முறைதான் அப்புறம் மணிக்கும் வந்தது. கி.பி. 1000 வாக்கில் வானியல் அறிஞர் அல்பிரூனியும், 1267இல் இங்கிலாந்துத் துறவி ரோஜர் பேக்கனும் நிலவின் காலத்தைக் கணிக்கையில் மூன்றாவது, நான்காவது பகுதி வரை போயிருக்கிறார்கள். கையில் செகண்ட் காட்டும் கடிகாரம் இல்லாத காலத்தில்! 1656இல் ஹைகன்ஸின் ஊசல் கடிகாரம் வந்த பிறகுதான் செகண்டை நம்பி அளக்க முடிந்தது.

இன்று நிலைமை தலைகீழ். 1967 முதல் செகண்ட் எதையும் பிரித்து வருவதில்லை. சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகள் சேர்ந்தால் ஒரு செகண்ட். அதிலிருந்துதான் நிமிடத்தையும் மணியையும் கட்டுகிறோம். இரண்டாவது என்ற பெயரோடு முதல் அளவாக அது நிற்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பாக இருக்கிறது. உங்கள் பக்கத்து ஊரான ஓசூரில் டைட்டன் கைக்கடிகாரங்கள் தயாராகின்றன. சாதாரண குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் இருக்கும் படிகம் செகண்டுக்கு 32,768 முறை அதிர்கிறது. பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்.

நம் பஞ்சாங்கமும் அறுபதில்தான் ஓடுகிறது. நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாடி. நாழிகைக்கு நாடி என்றும் பெயர். நாடி, விநாடி; கோணத்துக்குக் கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு), விகலை. ‘வி’ சேர்ந்தால் அடுத்த வெட்டு, பாருங்கள்! ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பஞ்சாங்க விநாடி 24 செகண்ட் கொண்டது. இப்போது நாம் செகண்டையே வினாடி என்று எழுதுவதால் பிள்ளைகள் குழம்பக்கூடும்.

அதையே ஒரு கணக்காகக் கொடுத்துவிடலாம். பஞ்சாங்கத்தில் ஒரு திதிக்கு நேராக 32 நாழிகை 15 விநாடி என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரிய உதயத்திலிருந்து எண்ண வேண்டும். 32 நாழிகை 12 மணி 48 நிமிடம். 15 விநாடி 6 நிமிடம். உதயம் காலை 6 மணி என்றால், திதி முடிவது மாலை 6.54க்கு.