ஐசியூவில் இருந்து வந்தவர் பழையபடி ஆக எத்தனை நாள் ஆகும்?

மாமனார் டிஸ்சார்ஜ் ஆகி இரண்டு மாதமாகியும் எதிலும் ஒட்டாமல் படுத்தே கிடக்கிறார், சோம்பலா என்று கேட்டிருக்கிறீர்கள். சோம்பல் இல்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பா சேலம் அம்மாபேட்டையில் கைத்தறி நெசவாளி. நிமோனியா முற்றி 16 நாள் ஐசியூ, அதில் 9 நாள் வென்டிலேட்டர். வீட்டுக்கு வந்த அன்று மூன்று படி ஏற கால் மணி நேரம் ஆனது. நாற்பது வருடம் தறி மிதித்த தொடை குச்சியாக வற்றிக் கிடந்தது. படுத்துக் கிடந்தது மட்டுமே காரணமில்லையாம். நோயின் கடுமையில் முதல் பத்து நாளிலேயே தசை வேகமாகக் கரைந்துவிடும் என்றார் பிசியோதெரபிஸ்ட். நாற்காலியில் இருந்து எழுந்து உட்காருவதுதான் முதல் பயிற்சி. கூடவே தினம் முட்டை, பருப்பு.

கால் கூடத் தேறிவிட்டது, மனசுதான் படுத்தியது. ஐசியூவில் இருந்தபோது, "வண்டி வளைஞ்சு வளைஞ்சு மேல போய்ட்டே இருக்கு, எறங்க விட மாட்டேங்கறாங்க" என்று புலம்புவார். ஏற்காட்டுக்குக் கடத்திப் போகிறார்கள் என்றே நம்பினார். குழாயைப் பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டியிருந்தார்கள், அது அவர் கனவில் கயிறாகிவிட்டது. வீட்டுக்கு வந்தும் நான்கு மாதம் லாரிச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். கூலிப் பணத்தை மூன்று முறை எண்ணினால் மூன்று தொகை வரும். வயசாகிவிட்டது என்று நாங்களே முடிவு கட்டினோம். தப்பு.

டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகள்தான் இருந்தன, இதைப் பற்றி ஒரு வரி இல்லை. இத்தனைக்கும் 2012-லேயே 'போஸ்ட் இன்டென்சிவ் கேர் சிண்ட்ரோம்', அதாவது ஐசியூவுக்குப் பிறகு தொடரும் பாதிப்பு, என்ற பெயர் மருத்துவ இதழில் வந்துவிட்டது. உடல், ஞாபகம், மனசு மூன்றையும் அது பிடிக்கும். 2013-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஐசியூவில் இருந்து வந்தவர்களில் மூன்று மாதம் கழித்தும் பத்தில் நான்கு பேருக்கு, தலையில் ஓரளவு பலமாக அடிபட்டவர்களைப் போல யோசிக்கும் திறன் குறைந்திருந்தது. இளவயதினரும் அதில் உண்டு.

அம்மா செய்த ஒரு காரியம் உதவியது. தினம் ஒரு நாள் கதையாக, "இன்னைக்குக் காய்ச்சல் எறங்குச்சு, இன்னைக்குக் குழாய் எடுத்தாங்க" என்று நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கனவு எது, நிஜம் எது என்று அப்பாவுக்கு மெல்லப் பிரிந்தது. ராத்திரிப் பயம் போகாவிட்டால் மனநல மருத்துவரைக் கட்டாயம் பாருங்கள், நாங்கள் தாமதமாகத்தான் போனோம். அப்புறம், மூன்றாம் மாதம் முடி கொத்தாகக் கொட்டினால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் வளர்ந்துவிடும்.

ஒன்றரை வருடம் ஆகிறது. தறியில் அரை நாள்தான் உட்காருகிறார். போன மாதம் பஸ்ஸில் ஏற்காடு போனோம். கொண்டை ஊசி வளைவு 20-ஐயும் வாய்விட்டு எண்ணிக்கொண்டு வந்தவர், பதிமூன்றில் கணக்கை விட்டுவிட்டு அம்மாவைத் திட்டினார். அவர் பேச்சுக் கொடுத்ததால்தானாம்.