மானேயைப் பற்றி மூன்று கேள்விகள்

கே: காற்பந்து வீரர் சாடியோ மானே சொந்தப் பணத்தில் ஊருக்கு மருத்துவமனை கட்டினார் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நிஜமா, வழக்கமான புருடாவா?
- வாசகர், ஈசூன்

ப: வாட்ஸ்அப்பில் வந்தும் உண்மையாக இருக்கும் அபூர்வச் செய்திகளில் இது ஒன்று. மேற்கு ஆப்பிரிக்க நாடான செனிகலின் தென்பகுதியில், காசமான்ஸ் வட்டாரத்தில் பம்பாலி என்ற கிராமம்தான் மானேயின் ஊர். அப்பா அங்கே இமாம். மானேக்கு ஏழு வயதிருக்கும்போது அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போய், உள்ளூரில் மருத்துவமனை இல்லாததால் வேறு ஊருக்குக் கொண்டு போனார்கள், அங்கேயே இறந்துவிட்டார். மானேயின் சகோதரி பிறந்ததும் வீட்டில்தான், காரணம் அதே.

2021இல் பம்பாலியில் அந்த மருத்துவமனை திறக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ அரை மில்லியன் பவுண்டு, சுற்றியுள்ள முப்பத்துச் சொச்சம் கிராமங்களுக்கும் அதுதான் கதி. அதற்கு முன்பே பள்ளிக்கூடமும் கட்டிக் கொடுத்திருந்தார். பெரிய காசோலையைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நிற்கும் நட்சத்திரங்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் தன் வீட்டில் எது இல்லாமல் ஓர் உயிர் போனதோ, அதையே ஊருக்குக் கொடுப்பது வேறு ரகம். உலகின் சிறந்த காற்பந்து வீரருக்கு விருது தரும் 2022 பாலோன் டோர் விழாவில் சமூகப் பணிக்கான முதல் சாக்ரடீஸ் விருது அவருக்குத்தான். அதே இரவு சிறந்த வீரர் பட்டியலில் பென்சிமாவுக்கு அடுத்து இரண்டாமிடமும் கிடைத்தது. எனக்கென்னவோ சாக்ரடீஸ்தான் பெரிதாகப் படுகிறது.

கே: என் மகன் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) எழுத வேண்டியவன். "மானேகூட வீட்டைவிட்டு ஓடித்தான் பெரிய ஆளானார்" என்கிறான். என்ன சொல்லி மடக்குவது?
- வாசகி, ஜூரோங் வெஸ்ட்

ப: ஓடியது உண்மைதான், பதின்ம வயதில் தலைநகர் டாக்காருக்கு. ஆனால் வீட்டார் தேடிப் பிடித்துத் திரும்பக் கூட்டி வந்தார்கள். இன்னும் ஒரு வருடம் பள்ளிக்குப் போகிறேன், அப்புறம் என்னை விட்டுவிட வேண்டும் என்று பேசித்தான் சம்மதித்தார். இந்தப் பாதியை உங்கள் மகன் வசதியாக விட்டுவிட்டான் போலிருக்கிறது! மெட்ஸ், சால்ஸ்பர்க், சவுத்ஹேம்டன் என்று அவர் ஆடிய ஐரோப்பியக் குழுக்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. 2015 மே மாதம் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக 2 நிமிடம் 56 விநாடியில் மூன்று கோல் போட்டதும், லிவர்பூலில் 2019 சாம்பியன்ஸ் லீக், மறு வருடம் பிரிமியர் லீக் வென்றதும் அப்படித்தான். நீங்களும் அதே பேரத்தைப் பேசுங்கள்: தேர்வு முடியட்டும், பயிற்சியில் சேர்த்துவிடுகிறேன் என்று. ஆனால் ஒன்று, சொன்னால் சேர்த்துவிட வேண்டும். தேர்வு முடிந்ததும் உயர்நிலைக்கான டியூஷனைத் தேடக் கூடாது, ஆமாம்.

கே: மானே சிங்கப்பூரில் ஆடியிருக்கிறாரா?
- வாசகர், தெம்பனிஸ்

ப: ஆடியிருக்கிறார். 2019 அக்டோபர் 10, காலாங்கில் உள்ள தேசிய விளையாட்டரங்கில் பிரேசிலுக்கும் செனிகலுக்கும் நட்புமுறை ஆட்டம். பிரேசில் நட்சத்திரம் நெய்மாருக்கு அது நூறாவது அனைத்துலக ஆட்டம் என்பதால் பேச்செல்லாம் அவரைப் பற்றியே இருந்தது. முதல் கோலைப் போட்டது மானேயின் லிவர்பூல் சகா, பிரேசிலின் ஃபிர்மினோ. பிறகு பெனால்டி எல்லைக்குள் மானேயைக் கீழே தள்ள, கிடைத்த பெனால்டியைச் செனிகலின் டியெடியு கோலாக்க, ஆட்டம் 1-1. லிவர்பூல் குழு 2022 ஜூலையில் இங்கு வந்தபோது மானே ஜெர்மன் குழுவான பயர்ன் மியூனிக்குக்குப் போயிருந்தார்.