ஆவணப்படத்தையும் கதைப்படம் போலவே விமர்சிக்கலாமா?

பாதி அளவுகோல் பொருந்தும், மீதி பொருந்தாது. 2019-இல் வந்த 'ஹனிலேண்ட்' படத்தையே பாருங்கள். வடக்கு மாசிடோனியாவின் மலைக் கிராமத்தில் காட்டுத் தேன் எடுக்கும் ஹாதிஜே, படுத்த படுக்கையான தாயோடு வாழ்கிறார். பக்கத்தில் ஒரு பெரிய குடும்பம் மாடுகளோடு வந்து குடியேற, சிக்கல் தொடங்குகிறது. எழுதி வைத்த கதை போலவே இருக்கும். ஆஸ்கரில் சிறந்த ஆவணப்படம், சிறந்த சர்வதேசப் படம் என இரண்டு பிரிவுகளிலும் பரிந்துரை பெற்ற முதல் படம் இதுதான்.

ஒளிப்பதிவு, படத்தொகுப்பு பற்றி வழக்கம்போல எழுதலாம். ஆனால் "ஹாதிஜே அருமையாக நடித்திருக்கிறார்" என்று எழுதினால் தப்பு. மூன்று ஆண்டுகள் எடுத்த சுமார் 400 மணி நேரக் காட்சிகள் ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியிருக்கின்றன. அப்படியானால் எதை வைத்தார்கள், எதை விட்டார்கள்?

அப்புறம், தேனில் பாதியைத் தேனீக்களுக்கே விடும் ஹாதிஜேக்கு எதிரில், பேராசைக்காரராகத் தெரிகிறார் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். அவரும் நிஜ மனிதர். ஏகப்பட்ட பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டியவர். அவரைப் படம் நியாயமாகக் காட்டியதா என்பதைத்தான் நான் முதலில் எழுதுவேன்.