செயற்கைக்கோள் சாஃப்ட்வேர் வேலைக்கு எந்தப் படிப்பு?

மகள் பிளஸ் டூ படிக்கிறார், வானிலை செயற்கைக்கோளைத் திசை மாறாமல் நிறுத்தும் சாஃப்ட்வேரில் வேலை பார்க்க ஆசைப்படுகிறார், அப்படி ஒரு வேலை உண்டா, ஏரோஸ்பேஸில்தான் சேர்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை உண்டு. ஏரோஸ்பேஸ் கட்டாயமில்லை. ஆனால் இந்த வேலையில் எழுதுவது குறைவு, சோதிப்பதுதான் அதிகம். அது அவருக்குப் பிடிக்குமா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

2024 பிப்ரவரி 17-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ், பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. அங்கே பார்வை 0.01 டிகிரி விலகினால் தரையில் படம் 6 கி.மீ. தள்ளிப் போகும். பகல் படத்தில் ஒரு புள்ளியின் அளவே 1 கி.மீ.தான். வங்கக் கடலில் புயலின் மையத்தைக் குறிப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல. நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை அறியும் ஸ்டார் சென்சாரும், சுழலும் வேகத்தை அளக்கும் கைரோவும் தரும் எண்களை வைத்து, உள்ளே சுழலும் சக்கரங்களின் வேகத்தை சாஃப்ட்வேர் மாற்றிக்கொண்டே இருக்கும். சக்கரம் ஒரு பக்கம் வேகமெடுத்தால் செயற்கைக்கோள் எதிர்ப்பக்கம் திரும்பும்.

விண்ணில் இருக்கும் செயற்கைக்கோளுக்குப் புது நிரல் அனுப்புவது தனி ஒழுங்கு. முதலில் கணினி மாதிரியில் ஓட்டுவார்கள். அடுத்து, மேலே இருப்பது போன்ற பிராசஸரில். பிறகு நிஜச் சக்கரத்தையும் சென்சாரையும் இணைத்து. இதெல்லாம் தேறிய பிறகே நிரல் துண்டு துண்டாக மேலே போகும். போனது அப்படியே பதிந்திருக்கிறதா என்று நினைவகத்தைத் திரும்பப் படித்து ஒப்பிடுவார்கள். உடனே கட்டுப்பாட்டைக் கொடுத்துவிடக் கூடாது. பழைய நிரல் செயற்கைக்கோளைப் பிடித்திருக்க, புதியது கணக்கு மட்டும் போடும். அதன் கட்டளை சக்கரத்துக்குப் போகாது. இரண்டின் விடைகளையும் டெலிமெட்ரியில், அதாவது செயற்கைக்கோள் தரைக்கு அனுப்பும் தகவலில், மணிக்கணக்கில் ஒப்பிட்ட பின்புதான் பொறுப்பு கைமாறும். அப்போதும் பிழை எல்லையைத் தாண்டினால் பழையதற்குத் தானாகத் திரும்ப ஏற்பாடு இருக்க வேண்டும். மார்ச், செப்டம்பரை ஒட்டி பூமியின் நிழல் விழும் காலத்தில் தினமும் 72 நிமிடம் வரை சூரிய ஒளி கிடைக்காது. பேட்டரியில் ஓடும் அந்த நேரம் சோதனைக்கு ஆகாது.

தவறு பெரும்பாலும் சின்ன இடத்தில்தான் ஒளிந்திருக்கும். திசையைக் குறிக்கும் குவாட்டர்னியனில் நான்கு எண்கள். நான்கின் கூட்டல் கழித்தல் குறியையும் மாற்றினால் அது குறிப்பது அதே திசையைத்தான். இதைக் கவனிக்காமல் எழுதிய நிரல், 10 டிகிரி திரும்ப வேண்டிய இடத்தில் 350 டிகிரி சுற்றி வரும்.

ஜப்பானின் ஹிட்டோமி வானிலை செயற்கைக்கோள் அல்ல, எக்ஸ்-கதிர் தொலைநோக்கி. ஆனாலும் இந்தத் துறைக்கு வருபவர் அதைப் படிக்காமல் விடக் கூடாது. 2016 பிப்ரவரியில் ஏவப்பட்டு மார்ச் 26-ல் தொடர்பு அறுந்தது. அசையாமல் நின்றதைச் சுழல்வதாக சாஃப்ட்வேர் தவறாகக் கணித்தது. நிறுத்தப் பார்த்த சக்கரங்கள் அதை நிஜமாகவே சுழற்றின. காப்பாற்ற வந்த த்ரஸ்டர்களுக்கு (திசை திருத்தும் குட்டி ராக்கெட்டுகள்) முன்பே அனுப்பியிருந்த எண்கள் தவறு. அவற்றை யாரும் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்க்கவில்லை. சுழற்சி கூடி சூரியத் தகடுகள் பிய்ந்தன. நல்ல உதாரணமும் உண்டு. விண்வெளி வானிலையைக் கவனிக்க ஏவப்பட்ட அமெரிக்காவின் டிஸ்கவர் செயற்கைக்கோள் 2019 ஜூனில் கைரோ கோளாறால் முடங்கியது. கைரோ இல்லாமல் ஸ்டார் சென்சாரை நம்பி இயங்கும் நிரலை எழுதிச் சோதித்து அனுப்பினார்கள். 2020 மார்ச்சில் பணிக்குத் திரும்பியது.

இனி படிப்பு. இஸ்ரோவின் விஞ்ஞானி/பொறியாளர் பணிக்கான அறிவிப்புகள் பெரும்பாலும் எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவுகளுக்கே வருகின்றன. 65 சதவீதம் அல்லது 6.84 சிஜிபிஏ கேட்பது வழக்கம். ஆகவே மகளின் ஆசைக்கு இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) அல்லது கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்து, கன்ட்ரோல் சிஸ்டம்ஸை விருப்பப் பாடமாக ஆழ்ந்து படிப்பதே பாதுகாப்பான வழி என்பேன். பட்டத்தின் பெயர் அறிவிப்பில் உள்ளதோடு பொருந்தாவிட்டால் விண்ணப்பம் ஏற்கப்படாது; புதுப்புதுப் பெயர்களில் வரும் படிப்புகளில் எச்சரிக்கை வேண்டும். ஜேஇஇ அட்வான்ஸ்டு நன்றாக எழுதினால் திருவனந்தபுரத்தில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தின் (ஐஐஎஸ்டி) ஏவியானிக்ஸ், அதாவது விண்கல மின்னணுவியல், பிரிவை முதலில் வைக்கலாம். எந்தக் கல்லூரியானாலும் சி மொழி, லீனியர் அல்ஜீப்ரா, வகைக்கெழுச் சமன்பாடுகள் மூன்றிலும் தளர்வு கூடாது.

இந்த விடுமுறையிலேயே ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். ஒரு தட்டை மீன்பிடி நரம்பில் தொங்கவிட்டு, அதில் அர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை, சில நூறு ரூபாய் கைரோ, மோட்டார் டிரைவர், சின்ன மோட்டாரில் ஒரு சக்கரம் வைக்கட்டும். பேட்டரியும் தட்டிலேயே இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஒயர் வந்தால் அதுவே தட்டை முறுக்கும். முதலில் பத்து நிமிடம் அசையாமல் விட்டால், கைரோ காட்டும் கோணம் தானாக நகர்வது தெரியும். ஸ்டார் சென்சார் ஏன் வேண்டும் என்பது அங்கேயே புரியும். அடுத்து தட்டை ஒரு திசையில் நிறுத்தும் நிரலை எழுதட்டும். ஓடியதும் மோட்டாரின் இரண்டு ஒயர்களை வேண்டுமென்றே மாற்றிப் போடச் சொல்லுங்கள். தட்டு இலக்கை விட்டு விலகி வேகமெடுக்கும். ஏன் அப்படி ஆனது என்று அவர் நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்தால், தைரியமாகச் சேர்த்துவிடுங்கள்.