கல்முனை ஆடுது, தண்டு பிளக்குது: பதில்

நாலைந்து முறை எய்ததும் அம்பின் கல்முனை ஆடுகிறது, தண்டும் நுனியில் பிளக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பசையை மாற்றுவதற்கு முன், முனையின் அடிப்பகுதி விளிம்பைத் தடவிப் பாருங்கள். கூராக இருந்தால், முனையைத் தண்டோடு கட்டச் சுற்றிய விலங்குத் தசைநாரை ஒவ்வொரு அடியிலும் அதுவே அறுத்துக்கொண்டிருக்கும். சொரசொரப்பான கல்லில் அந்த இடத்தை மட்டும் தேய்த்து மழுக்குங்கள். பழங்காலக் கல்முனைகள் பலவற்றிலும் அடி இப்படித் தேய்ந்துதான் இருக்கும்.

தண்டு பிளக்காமல் இருக்க, முனையைச் செருகும் வெட்டுக்குக் கீழேயும் சேர்த்துச் சுற்றுங்கள். தசைநாரை நன்றாக ஈரமாக்கிச் சுற்றினால் முடிச்சே வேண்டாம். காயும்போது சுருங்கித் தானே இறுக்கிக்கொள்ளும். ஆனால் மறுபடி ஈரம் பட்டால் தளர்ந்துவிடும், அதனால் மேலே பிசின் பூச வேண்டும். வெறும் பைன் பிசின் கண்ணாடி மாதிரி நொறுங்கும். கரித்தூளும் கொஞ்சம் தேன்மெழுகும் சேர்த்து, கொதிக்க விடாமல் இளக்குங்கள்.

அப்புறம், மரப்பலகையில் எய்து சோதிக்காதீர்கள். எவ்வளவு நல்ல கட்டாக இருந்தாலும் கல் உடையத்தான் செய்யும். வேட்டைக்கு என்றால், உங்கள் பகுதிச் சட்டம் கல்முனையை அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில இடங்களில் தடை உண்டு.